சம்பந்தியம்மாவின் புது வீடு

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக்கூட இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குச் சம்பந்தியம்மா வந்து பல வருஷமாகிவிட்டது. கூடத்து மூலையில் இருந்த கடல்நீர்த் தொட்டியில் வசித்த கோமாளி மீன் அவள். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை, எதைப் பார்த்தாலும் குறை கண்டுபிடிக்கிற முகம். கோமாளி மீன்களில் பெண்தான் பெரியவள், அதிகாரமும் அவளுடையதுதான். அவளில் பாதியே இருந்த கணவர் பின்னாலேயே வளைய வருவார். தொட்டிக்குள் எந்தக் கை நுழைந்தாலும் சம்பந்தியம்மா பாய்ந்து வந்து கடிப்பாள். பல் பதியாது. மரியாதைதான் போகும்.

வளர்த்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவில் தலைமை நர்ஸ். கத்தரியோ இடுக்கியோ, அவள் கையைத் தாண்டாமல் தியேட்டருக்குள் போகாது. வீட்டிலும் அதே கைதான். அதனால் தொட்டியிலிருந்து நாலடி தள்ளியே நிற்க வேண்டும் என்று அவர் சட்டம் போட்டிருந்தார். அவள் துடைக்கிற துணியோடு அந்தப் பக்கம் போனாலே செருமுவார்.

"எனக்கென்ன, உங்க சம்பந்தி வீடு" என்று அவளும் திரும்பிவிடுவாள். ஆனால் வேலை முடிந்து வந்ததும் அந்த நாலடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளே கை விட அவளுக்கும் ஆசைதான். வாய்விட்டுக் கேட்டதில்லை.

இப்போது தொட்டி போதவில்லை. மீன் தம்பதி குடியிருந்த மென்பவளம் காளான் குடைபோல விரிந்து இரண்டு பக்கக் கண்ணாடியையும் தொட்டுவிட்டது. பெரிய தொட்டி வந்து இறங்கியது.

"தொட்டி பெருசுன்னா வேலையும் பெருசாச்சே?" என்றாள்.

"அதுதான் இல்ல. ஒரு டம்ளர் தண்ணியில ஒரு ஸ்பூன் உப்பு விழுந்தா வாயில வைக்க முடியாது. அதே ஸ்பூன் அண்டாவுல விழுந்தா தெரியவே தெரியாது. தண்ணி கூடக் கூட, நாம பண்ற தப்பு மெதுவாத்தான் உறைக்கும். திருத்திக்க நேரம் கிடைக்கும்."

"அப்போ உங்களுக்கு எப்பவோ வாங்கியிருக்கணும்."

அந்த வாரம் பார்த்து அவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. வாளி தூக்க முடியாது. "நான் லீவு போட்டுடறேன்" என்றாள், எங்கோ பார்த்தபடி. அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, இன்னிக்கு நீதான் என் வலது கை."

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

புதுத் தொட்டியில் உப்புக் கரைத்த தண்ணீர் முதல் நாளே தயாராகி, மீனுக்கு ஏற்ற இளஞ்சூட்டுக்கு வந்திருந்தது. பழைய தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி வாளிகளில் பிடித்தார்கள். ஒன்றில் பவளங்கள், ஒன்றில் கற்களும் ஃபில்டர் ஸ்பாஞ்சும். இன்னொன்றில் மீன்கள், துள்ளி வெளியே விழும் என்பதால் அதற்கு மட்டும் மூடி. எது ஏன் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் தலையாட்டிக்கொண்டே தூக்கினாள்.

இடையில் அவருக்குப் போன் வந்தது. எங்கோ ஒரு லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதாம். பால்கனிக்குப் போய்த் தன் ஆளுக்கு வழி சொல்ல ஆரம்பித்தார்.

அவள் கல் வாளியைப் பார்த்தாள். கல்லின் ஓட்டைதோறும் பழுப்புக் கசடு. ஸ்பாஞ்சைப் பிழிந்தால் சகதி. பளபளவென்று நிற்கிற புதுக் கண்ணாடிக்குள் இதையா போடுவது? கற்களையும் ஸ்பாஞ்சையும் சமையலறைக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். புதுப் பிரஷ் எடுத்தாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, தியேட்டர் கருவியின் பற்களைத் தேய்க்கிற கவனத்தோடு ஒவ்வொரு ஓட்டையாகத் தேய்த்தாள். தண்ணீர் தெளிந்து ஓடும் வரை விடவில்லை.

போன் முடிந்து வந்தவர் கற்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"கழுவினியா?"

"பின்னே? புது வீட்டுக்குப் பழைய அழுக்கோடவா குடி போவாங்க?"

அவர் கல்லைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். புடவையெல்லாம் நனைந்து, முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தாள்.

"பளிச்சுனு இருக்கு" என்றார்.

மீன்களை வாளியிலேயே வைத்திருக்க முடியாது என்பதால் அன்றே புதுத் தொட்டியில் விட்டார்கள். அதன்பிறகு அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை, மஞ்சளாக இருக்க வேண்டிய குப்பி பச்சையாகிவிட்டது. அம்மோனியா. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வேகவேகமாக மூச்சு வாங்கின. அவர் உள்ளே கை விட்டார். சம்பந்தியம்மா கடிக்க வரவில்லை.

"என்னாச்சுங்க?"

"புதுத் தொட்டின்னா கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நான் தண்ணி மாத்தறேன். நீ சைக்கிள் கடைக்காரர்கிட்ட போய் ஒரு ஸ்பாஞ்சு வாங்கிட்டு வந்துடு. போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

சைக்கிள் கடைக்காரர் வீட்டிலும் கடல்நீர்த் தொட்டி உண்டு. தன் ஃபில்டரிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை உருவி, அதே தண்ணீரோடு டப்பாவில் வைத்துக் கொடுத்தார்.

"இவ்வளவு அழுக்கா இருக்கே!" என்றாள்.

"அழுக்கா? அக்கா, இதுதான் தொட்டிக்குக் கல்லீரல்! மீனோட கழிவுல வர்ற அம்மோனியா மீனுக்கே விஷம். அதைத் தின்னு தீர்க்கிற பாக்டீரியா கல்லு ஓட்டையிலயும் இந்த ஸ்பாஞ்சுலயும்தான் குடியிருக்கு. வளர மாசக்கணக்காகும். குழாய்த் தண்ணியில மட்டும் காட்டிடாதீங்க. அதுல குளோரின் இருக்கு."

குளோரின் எதற்கென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் காற்றுப் போகட்டும் என்று மூடியை லேசாகத் திறந்து, டப்பாவை மடியில் வைத்திருந்தாள். பிரேக் போடும்போதெல்லாம் அணைத்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கிருமியைக் கொன்று சம்பளம் வாங்கியவள்.

"என்னம்மா, சாப்பாடா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"கிருமி."

அவர் எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டில் அவர் ஒற்றைக் கையால் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். அவள் டப்பாவை நீட்டினாள். ஸ்பாஞ்சு ஃபில்டருக்குள் போகும் வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டாள்:

"கல்லைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு, இல்ல?"

அவர் பம்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான் கேக்கிறேன்."

"கல்லுக்கு உள்ளே கொஞ்சமாவது பாக்டீரியா மிச்சம் இருக்கும்னு நெனச்சேன்."

"ஏன் சொல்லல?"

"இத்தனை வருஷத்துல இந்தத் தொட்டி பக்கத்துல நின்னு நீ சிரிச்சு நான் பார்த்ததில்ல. சொன்னா மறுபடியும் நாலடி தள்ளிப் போயிடுவே."

அவளுக்குக் கோபம் வந்தது. கண்ணும் கலங்கியது. எதை முதலில் கவனிப்பதென்று தெரியவில்லை.

"அதுக்காக உங்க சம்பந்தி உயிரைப் பணயம் வைப்பீங்களா? தியேட்டர்ல எவ தப்பு பண்ணாலும் அவ மூஞ்சிக்கு நேரேதான் சொல்லுவோம். மறுநாள் அதே மேஜையிலதான் வேலையும் கொடுப்போம்."

"தப்பு என்னோடது. உப்புக்கெல்லாம் கதை சொன்னவன் முக்கியமானதை விட்டுட்டேன்."

"இனிமே விடாதீங்க."

"சரிங்க சிஸ்டர்."

"வாளியை இப்படிக் கொடுங்க. தோளை வெச்சுக்கிட்டு வித்தை காட்ட வேண்டாம்."

அதற்கப்புறம் தினமும் தண்ணீர் மாற்றுவது அவள் வேலையானது. உப்பு அளப்பதில் அவரைவிட அவள் கறார். பெரிய தொட்டி அவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றியது. விஷம் ஏறுவதற்குள் இவர்கள் முந்திக்கொண்டார்கள். குப்பியின் பச்சை நாளுக்கு நாள் வெளுத்தது. மீன்கள் மெல்லக் கீழே இறங்கி, பவளக் குடைக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. ஆனாலும் சம்பந்தியம்மா மந்தமாகவே இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பவளக் கல் கொஞ்சம் சாய்ந்திருப்பதாக அவளுக்குப் பட்டது. கையைச் சோப்பில்லாமல் அலசிக்கொண்டு உள்ளே விட்டாள். குடைக்குள்ளிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பாய்ந்தது.

"ஏங்க! இங்க வாங்களேன்! கடிச்சுட்டா!"

அவர் துண்டோடு ஓடிவந்தார். "வலிக்குதா?"

"சும்மா இருங்க" என்றாள். கையை எடுக்கவில்லை. "மறுபடியும் வர்றா."