மச்சானின் கம்பைலர்

அலுவலகத்தில் அவனுக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர். மனைவியின் அண்ணன் அப்படிக் கூப்பிட்டார், மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கூப்பிடும் பெயரைக்கூட மச்சான்தான் வைத்தார் என்பதில் மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் புகைச்சல்.

இருவரும் அடுத்தடுத்த மேஜையில் ஒரே புதிய சிப்புக்காக வேலை செய்தார்கள். கணினியை இயக்கும் கெர்னலை அந்தச் சிப்பில் ஓடும்படி எழுதுவது மாப்பிள்ளையின் பாடு. மனிதர் எழுதும் நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் மச்சானுடையது. அது இல்லாவிட்டால் கெர்னல் வெறும் எழுத்து. "நான் சமைச்சுப் போட்டாத்தான் நீங்க சாப்பிட முடியும் மாப்பிள்ளை" என்பார், எல்லோர் முன்னாலும். எல்லோரோடும் சேர்ந்து மாப்பிள்ளையும் சிரித்துவைப்பான். வீட்டுக்கு வந்து செருப்பை உதறும்போது தெரியும் அந்தச் சிரிப்பின் லட்சணம்.

கெர்னலை முடித்து, உலகத்துக்கே பொதுவான கெர்னலைப் பராமரிப்பவர்களுக்கு, அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினான். உங்கள் அலுவலகத்துக்குள் இருக்கும் கம்பைலரை நம்பி நாங்கள் எதையும் சேர்க்க முடியாது, எல்லோரும் இறக்கிக்கொள்ளும் பொதுக் கம்பைலரில் முதலில் இந்தச் சிப் இடம்பிடிக்கட்டும் என்று பதில் வந்தது. அதாவது, வரிசையில் மச்சானுக்குப் பின்னால் நில்.

அடுத்த மாதம் மச்சான் மாரடைப்பில் போய்விட்டார்.

பொதுக் கம்பைலரில் சேர்க்க அவர் அனுப்பியிருந்தது பரிசீலனையில் பாதியில் நின்றது. மாப்பிள்ளைதான் எடுத்துக்கொண்டான், வேறு வழியில்லை. பரிசீலித்தவர்கள் கேட்டதற்கெல்லாம் மாற்றி மாற்றி, பாதிக்கு மேல் அவன் எழுத்தாகிவிட்டது. அவ்வளவு மாற்றியவன் ஆசிரியர் இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டால் அந்த வட்டாரத்தில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். போட்டுப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. மனைவி பின்னால் வந்து நின்று படித்தாள்.

"அண்ணன் பேரு எங்கங்க?"

"பாதிக்கு மேல நான் எழுதினது."

"சரி. மீதி யாரு எழுதினது?"

சண்டை போட்டிருந்தால் பதில் வைத்திருந்தான். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மேலே மச்சான் பெயரையும், அனுப்பி வைப்பவர் என்று கீழே தன் பெயரையும் போட்டான்.

பரிசீலித்தவர்கள் அதோடும் விடவில்லை. எழுதியவர் இல்லையென்றால் இனி வரும் வருடங்களில் இதை யார் பார்த்துக்கொள்வது, பொறுப்பாளர் இல்லாமல் சேர்க்கமாட்டோம் என்றார்கள். பெருமை அவருக்கு, திட்டு எனக்கா என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டான். கெர்னல் உள்ளே போக வேண்டுமே.

கம்பைலர் சேர்ந்தது, பின்னாலேயே கெர்னலும். அலுவலகம் முழுக்க மச்சான் பேச்சுதான். என் பிள்ளை போன பிறகும் சாதித்துவிட்டான் என்று மாமனார் போனில் அழுதார். கெர்னலைப் பற்றி மூச்சே இல்லை. உயிரோடு இருந்தபோதாவது மச்சான் எப்போது சறுக்குவார் என்று காத்திருக்க முடிந்தது. இனி அதற்கும் வழியில்லை என்று மாப்பிள்ளை நினைத்தான்.

சில வாரம் கழித்து, எங்கோ படிக்கும் ஒரு பெண் எழுதியிருந்தாள்: இந்தக் கம்பைலரில் ஒரு கழித்தல் கணக்குத் தப்பாக வருகிறது. தான் கைவைத்த இடமோ என்று மாப்பிள்ளை முதலில் தன் மாற்றங்களைப் பார்த்தான். பழைய பதிவுகளைத் தோண்டினான். இல்லை, முதல் நாளிலிருந்தே இருக்கிறது. மைனஸ் எண்ணைப் பிளஸ்ஸாக எடுத்துக்கொள்ளும் கற்றுக்குட்டித் தப்பு. முழுக்க முழுக்க மச்சான் எழுதிய வரி.

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தான். நாற்காலியோடு அடுத்த மேஜைப் பக்கம் திரும்பி, "மச்சான், இங்க வந்து உங்க அழகைப் பாருங்க" என்றான்.

அங்கே புதிதாகச் சேர்ந்தவள் உட்கார்ந்திருந்தாள். என்ன சார் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று திரும்பிக்கொண்டான். மனைவியிடம் சொன்னால் அழுவாள். மாமனாரிடம் வாயே திறக்க முடியாது. இத்தனை வருடம் காத்திருந்த தப்பு திரையில் அப்படியே நின்றது. அதைக் காட்டிக் கேலி செய்ய உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.