217-ஆம் பிளாக்கில் இரண்டு பிள்ளைகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கெட்டுப்போன கீபோர்டினால். அதில் 'இன்செர்ட்' என்றொரு பொத்தான் அமுங்கியபடியே நின்றுவிட்டது. அது அப்படி நின்றால், எழுதியதன் மேல் புதிதாக எழுதும்போது பழையது விலகி வழிவிடாது. புது எழுத்து பழைய எழுத்தை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே போகும். பழையது நீளம், புதியது குட்டை என்றால், புதியது முடிந்த இடத்தில் பழையதன் வால் மிஞ்சி நிற்கும்.

மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரன் ஜெபிஷ் அதைக் கவிழ்த்து நாலு தட்டுத் தட்டிவிட்டு, "சார், இதே சூக்கேடு எனக்க கல்யாணத்துக்கும் வந்ததாக்கும்" என்றான். சூக்கேடு என்றால் அந்தப் பக்கத்தில் நோய்.

கீபோர்டு சரியாகவில்லை. கதை கிடைத்தது. இந்தக் கதையையும் அதே கீபோர்டில்தான் அடிக்கிறேன். ஆகவே அங்கங்கே பழைய வரைவின் வால் தெரியும். அதைச் சதுர அடைப்புக்குள் விட்டிருக்கிறேன். கண்டும் காணாமல் போய்விடுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ரப்பர் தோட்டங்களின் நிழல் அருமனைச் சாலையில் நீண்டு கிடந்த ஒரு—"

நிறுத்திவிட்டேன். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் குந்தியிருந்தவனுக்கு நிழல் எங்கே நீண்டால் என்ன? அடுத்து இப்படி: "2008-இல் ஜெபிஷ் ஒரு தப்புச் செய்தான்." இது உண்மை. ஆனால் அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். "அப்போ அது தப்பு இல்ல சார், டிசைன்" என்பான்.

சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அருமனைப் பக்கம் ஒரு கிறிஸ்தவ சபை. அதன் கமிட்டி, குடும்பப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தீர்மானித்து, சபைப் பையனான ஜெபிஷைக் கூப்பிட்டது. ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் டேட்டாபேஸ் ஒன்றைப் போட்டிருந்தால் ஒரே வாரத்தில் வேலை முடிந்திருக்கும். ஜெபிஷுக்கு அப்போது இருபத்தாறு வயது. இருபத்தாறு வயதில் அடுத்தவன் எழுதியதைத் தொடுவது கௌரவக் குறைவு. தகவலை வட்டில் எழுதவும் படிக்கவும் ஒரு எஞ்சினைத் தானே எழுதினான்.

ஒரு நீளமான கோப்பு. அதைச் சம அளவுத் துண்டுகளாக நறுக்கினான். ஒவ்வொரு துண்டும் 4096 பைட். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. துண்டுக்குப் பெயர் பிளாக். ஒரு குடும்பத்துக்கு ஒரு பிளாக், ஓர் ஆளுக்கு ஒரு வரி. ஒரே ஒரு போன் நம்பரை மாற்ற வேண்டுமென்றாலும் பிளாக் முழுவதையும் படித்து, மாற்றி, முழுவதையும் திரும்ப எழுதியாக வேண்டும். குடும்பத்தில் எத்தனை பேர் என்று அவன் எங்கேயும் குறித்து வைக்கவில்லை. 'வெற்று வரி வரும்வரை படி' என்று மட்டும் எழுதினான். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்த கூத்து அத்தனையும் இதனால்தான்.

3

எழுதியதோடு நிறுத்தாமல் அதைக் கமிட்டிக்கு விளக்கவும் செய்தான். அதுதான் மடத்தனம்.

கமிட்டியில் எல்லோரும் நிலபுலன் உள்ளவர்கள். பிளாக் என்றதும் அவர்கள் கண்முன் வேலி போட்ட பூமி வந்து நின்றது. 'ஒரே ஒரு ஆளு உள்ள வீட்டுக்கும் அதே பிளாக்கா? மிச்ச இடம் தரிசாக் கெடக்கவா?' என்று ஒருவர் கேட்டார். 'எனக்க பிளாக்கும் எனக்க கொழுந்தனுக்க பிளாக்கும் பக்கத்துல பக்கத்துல வரப்பிடாது' என்று இன்னொருவர் எழுதியே கொடுத்தார். (இரண்டும் கமிட்டி மினிட்ஸ் நோட்டில் இருக்கின்றன என்று ஜெபிஷ் சத்தியம் செய்தான். இருக்கும் என்றே நம்புகிறேன்.)

கமிட்டியில் இருந்த டைட்டஸ் எழுந்து நின்றார். "எனக்க அப்பனுக்க அப்பனாக்கும் இந்தக் கோயிலுக்கு இடம் குடுத்தது. ஒண்ணாம் நம்பர் பிளாக்கு எனக்கு வேணும்."

ஒன்றாம் நம்பரில் ஏற்கெனவே செயலாளர் செல்வதாஸ் குடியேறியிருந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் எதிலும் இரண்டாவதாக இருந்து பழக்கமில்லாதவர். மூன்று கூட்டம் சண்டை நடந்தது. கடைசியில் டைட்டஸுக்கு வாய்த்தது 217. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மனைவியையும் மகன் பிபினையும் மகள் அபினாவையும் கூட்டிக்கொண்டு, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த வேறொரு சபையில் போய்ச் சேர்ந்தார்.

கமிட்டி உடனே கூடித் தீர்மானம் போட்டது: 'டைட்டஸ் என்னும் பெயருடைய எவரும் இச்சபையில் ஒருபோதும் இருந்ததில்லை.' ஒருமனதாக நிறைவேறியது.

4

மறு வருஷம் கொட்டாரத்திலிருந்து கிரேசி வந்தாள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. கூட அவள் அம்மா ஜெபமணி மட்டும். சபையில் சேர்ந்தார்கள். 217 காலியாகத்தானே கிடக்கிறது என்று ஜெபிஷ் அதை அவர்களுக்கு ஒதுக்கினான். காலி என்று குறித்திருந்தானே ஒழிய, உள்ளே இருந்ததைத் துடைக்கவில்லை.

கிரேசி ஒரு வரி, ஜெபமணி ஒரு வரி. அவை டைட்டஸையும் மனைவியையும் தின்றுவிட்டன. மூன்றாவது வரியும் நான்காவது வரியும் அப்படியே இருந்தன. எஞ்சின் வெற்று வரி வரும்வரை படித்தது. கிரேசி, தாய் ஜெபமணி, மகன் பிபின் வயது 9, மகள் அபினா வயது 6.

அந்த வாரமே கிரேசி வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். ஓய்வுநாள் பள்ளி டீச்சர். 'பிள்ளையளை ஏன் அனுப்பல்ல?' என்று கேட்டுவிட்டுப் போனாள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு பிள்ளைகள் கணக்கில் இரண்டு கேக் வந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், 'லிஸ்ட்ல உள்ளதாக்கும், திரும்ப எடுக்க முடியாது' என்றார்கள்.

ஜெபிஷ் மன்னிப்புக் கேட்கப் போனான். கிரேசி கோபப்படுவாள் என்று நினைத்திருந்தான். அவள் கேக்கை வெட்டி ஒரு துண்டை அவனுக்கும் வைத்தாள்.

"ஊரு தெரியாம, ஆளு தெரியாம வந்து கெடந்தோம். மொதல்ல கதவைத் தட்டினது அந்தப் பிள்ளையளைக் கேட்டு வந்த டீச்சராக்கும். எப்பிடி கோவம் வரும்?"

ஜெபிஷுக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துப்போயிற்று. மூன்று மாதத்தில் வீட்டில் சொன்னான். [என்று சொல்லி ஞானபாய் தையல் மிஷினின் மூடியைத் திறந்தாள்.]

இது பழைய வரைவின் வால். ஞானபாய் ஜெபிஷின் அம்மா, தையல்காரி. பையன் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கும் அம்மாவை ஆயிரம் கதையில் பார்த்தாயிற்று என்று நான்தான் அவளை எடுத்துவிட்டேன். அவள் என்ன சொல்லிவிட்டு மூடியைத் திறந்தாள் என்பது இப்போது எனக்கே மறந்துவிட்டது. வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். வேறென்ன சொல்வாள்?

5

கல்யாணத்துக்கு முன்னால், பெண் மணமாகாதவள் என்று சபைப் பதிவைப் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். பதிவில் இரண்டு பிள்ளைகள். ஜெபிஷ் யாருக்கும் சொல்லாமல் சரிசெய்யப் பார்த்தான். சபை அலுவலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர், இரண்டும் திறப்பது அதே கோப்பைத்தான். ஒரு மத்தியானம் இரண்டாவதில் உட்கார்ந்து பிபினையும் அபினாவையும் துடைத்தான். மறுநாள் பார்த்தால் இரண்டு பேரும் இருக்கிறார்கள்! திரும்பத் துடைத்தான். திரும்ப வந்தார்கள். மூன்றாம் தடவை அவனுக்கே வியர்த்துவிட்டது.

விஷயம் இதுதான். செல்வதாஸ் தினமும் காலையில் வந்ததும் எல்லாக் குடும்பத்தையும் தன் கம்ப்யூட்டரில் திறந்து வைப்பார். சாயங்காலம் ஒவ்வொன்றாக 'சேவ்' அடித்துவிட்டுத்தான் ஜெபம் பண்ணி எழும்புவார், அலுவலகத்தைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோவார். திறந்ததைச் சேவ் பண்ணாமல் மூடினால் கெட்டுப்போகும் என்பது அவர் விசுவாசம். அவர் கம்ப்யூட்டரில் இருந்தது காலையில் படித்த பிளாக். மத்தியானம் ஜெபிஷ் துடைத்தது அதற்குத் தெரியாது. சாயங்காலம் பிளாக் முழுவதும் போய் எழுதப்படும். பிள்ளைகள் வீடு திரும்பிவிடுவார்கள்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இதைச் செல்வதாஸிடம் நேராகச் சொல்லித் தொலைப்பதற்கு என்ன? "ஜெபிஷ் ஒரு கோ—" என்று எழுத ஆரம்பித்து விட்டுவிட்டேன். இன்னும் மூன்று சபைகள் அவனிடம் அதே எஞ்சினைக் கேட்டிருந்தன. அதுதான் அவன் பெயர், அதுதான் பிழைப்பு. தப்பு என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் இரண்டும் போச்சு. வாயை மூடிக்கொண்டிருந்தால் கிரேசி போச்சு. நானாக இருந்தால் இன்னும் இரண்டு மாதம் இழுத்தடித்திருப்பேன். அவன் இழுக்கவில்லை.

6

2010, ஏப்ரல். கமிட்டி கூடியது. கிரேசி பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"மக்கா, பதிவுல ரெண்டு பிள்ளை கெடக்கு" என்றார் செல்வதாஸ். "கல்யாணம் கழியாத பெண்ணுண்ணு எழுதி ஒப்புப் போட எனக்க கை வராது."

"சார், இந்தம்மைக்குப் பிள்ளை இல்லேண்ணு உங்களுக்கே தெரியுமே" என்றான் ஜெபிஷ், உட்கார்ந்தபடியே.

"தெரியும். நேருல தெரியுதது வேற, பதிவு வேற."

ஜெபிஷ் எழுந்து நின்றான். "தப்பு எனக்காக்கும். நான் எழுதின எஞ்சின்ல கோளாறு. பழசைத் துடைக்காம மேல எழுதிட்டேன். அது டைட்டஸ் அண்ணனுக்க பிள்ளையளு."

செல்வதாஸ் மினிட்ஸ் நோட்டைப் புரட்டினார்.

"எந்த டைட்டஸ்?" என்றார் செல்வதாஸ்.

சரியாக அந்த நேரம் வெளியே ரோட்டில் ஒரு சைக்கிள் போனது. ஓட்டியது பிபின், பின்னால் அபினா. (இதை நான் சேர்த்தேன் என்று நினைப்பீர்கள். ஜெபிஷ்தான் சொன்னான், கோர்ட்டுக்கு வந்தும் சொல்வானாம்.) கமிட்டியில் பதினோரு பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். பதினோரு பேரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அப்படி ஒருவர் இல்லை என்று தீர்மானம் இருக்கிறது. இல்லாதவருக்குப் பிள்ளை எப்படி இருக்கும்? ஆக, 217-இல் இருப்பவை கிரேசியின் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும்.

செல்வதாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏலே, ஒரு பெண்ணுக்க மானத்தைக் காப்பாத்த, நீ எழுதின நல்ல எஞ்சின்மேல பழி போடுதியா? எனக்க சர்வீஸ்ல இப்பிடி ஒருத்தனப் பாத்ததில்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். ஜெபிஷ் "இல்ல சார், நெசமாட்டே கோளாறாக்கும்" என்றான். அவன் சொல்லச் சொல்லக் கைதட்டல் கூடியது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: பிபின், அபினா இருவரையும் தன் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்வதாக மணமகன் கையெழுத்திட்டால் திருமணத்துக்குத் தடையில்லை.

பின் பெஞ்சிலிருந்து கிரேசி எழுந்து வந்தாள். "நானும் ஒப்பிடணுமா? எங்க?" என்று கேட்டுப் பேனாவை வாங்கினாள்.

7

இதற்கு மேல் இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் ஜெபிஷ் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கிரேசியோடு ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போகிறான். கம்பீரமாகத்தான் இருந்தது, ஆனால் படித்துப் பார்த்தால் ஜெபிஷ் போலவே இல்லை, நான் ஆசைப்படும் என்னைப் போல இருந்தது. அடித்துவிட்டேன். இன்னொன்றில் அவன் கையெழுத்துப் போடுகிறான். அதுதான் நடந்தது. மே மாதம் கல்யாணமும் நடந்தது.

எழுத முடியாமல் நிற்பது அதற்கு அடுத்த இடம். கல்யாணம் முடிந்த மறு வாரம். செல்வதாஸ் சாவியை ஜெபிஷிடம் விட்டுவிட்டு வெளியூர் போயிருக்கிறார், அவருடைய கம்ப்யூட்டர் மூடிக் கிடக்கிறது. இனி யாரும் பழையதைத் திரும்ப எழுத மாட்டார்கள். 217-இல் ஜெபிஷையும் சேர்த்துப் புதிதாக எழுத வேண்டும். மூன்றாம் வரியில் ஜெபிஷ் வருவான், பிபின் போய்விடுவான். நான்காம் வரி அபினா. அவளையும் துடைப்பதா, அல்லது ஜெபிஷை அவளுக்குக் கீழே ஐந்தாம் வரியில் எழுதி இரண்டு பேரையும் அப்படியே விடுவதா? கிரேசி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள்.

"துடைக்கட்டா?" என்று ஜெபிஷ் கேட்கிறான்.

அவள் என்ன பதில் சொன்னாள் என்று கடையில் வைத்து நான் கேட்டேன். ஜெபிஷ் கீபோர்டை என் கையில் திணித்து, "புதுசு வாங்குங்க சார்" என்றான். எனவே பதிலை நீங்கள்தான் எழுத வேண்டும். பிளாக்கில் இன்னும் இடம் இருக்கிறது. ஆனால் கவனம்: நானும் துடைத்துவிட்டுத் தரவில்லை. நான் நிறுத்துகிற இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே என்ன கிடக்கிறதோ அதன் மேல்தான் நீங்கள் எழுதப்போகி

[ல்லை சரி, பதிவுல பேரா வந்தாலும் பிள்ளை பிள்ளைதானே மக்கா. ரெண்டு பேரையும் நாளைக்கு இஞ்ச கூட்டிட்டு வரச் சொல்லு, அளவு எடுக்கணும். வளருத பிள்ளையளாக்கும், மடிப்புல ரெண்டு இஞ்ச் கூடுதல் விட்டுத் தைக்கணும்" என்று சொல்லி ஞானபாய் தையல் மிஷினின் மூடியைத் திறந்தாள்.]