ஆண்பிள்ளைக்கு மட்டும் சொன்ன மசாலா

"பொம்பளைப் புள்ளைக்குக் கடை எதுக்குலா?" என்று ஹைதர் மேசையைத் தட்டியதில் தேத்தண்ணி தளும்பிக் காகிதத்தில் கொட்டியது. நல்லவேளை, கையெழுத்துப் போடும் இடம் நனையவில்லை.

தங்கை ஷாஹிரா, தான் வாழ்க்கைப்பட்டுப் போன அக்கரைப் பட்டர்வொர்த்தில் ஒரு சாப்பாட்டுக் கடை எடுத்திருந்தாள். லைசென்சும் வாங்கிவிட்டாள். குற்றம் அத்தோடு நின்றதா? சொந்தப் பெயரிலேயே வாங்கியிருந்தாள்.

ஹைதருக்கு ஜார்ஜ் டவுன் சூலியா ஸ்திரீட்டில் அத்தா ஜபருல்லா விட்டுப்போன நாசி கண்டார் கடை, சோற்றின் மேல் குழம்பு ஊற்றித் தரும் கடை. பதினொரு மணிக்கே வரிசை ரோட்டுக்கு வந்துவிடும், எல்லாம் குழம்பில் சேரும் அந்தக் குடும்ப மசாலாவுக்காக. அதன் பக்குவத்தை ஆண்பிள்ளைக்கு மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது குடும்பச் சட்டம். பெண்பிள்ளை இன்னொரு வீட்டுக்குப் போகிறவள் அல்லவா, ரகசியத்தையும் முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுவாளாம்! ஆனால் அத்தாவின் கை நடுங்கத் தொடங்கிய நாளிலிருந்து பதினான்கு வருடமாக மசாலாவை அரைத்து, கலந்து, வாளியில் ஊற்றி, மோட்டார் சைக்கிளோடு காலை ஃபெரி ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தவள் ஷாஹிராதான். அதற்குப் பெயர் உதவி. ஹைதர் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பெயர் தொழில்.

"அண்ணே, நான் விக்கப் போறது..."

"நீ என்ன விப்பேன்னு எனக்குத் தெரியாதா? அத்தா மசாலாவ வச்சு எனக்கே போட்டியா?"

"கையெழுத்தப் போட்டுரு புள்ள. அண்ணன் மனசு நோவக் கூடாது," என்றாள் அம்மா சுலைஹா. மகள் மனசு தாராளமாக நோகலாம், அந்த வீட்டில் அதற்குத் தடையே இல்லை.

காகிதத்தை ஹைதர் யாரோ ஒரு விவரம் தெரிந்தவரிடம் எழுதி வாங்கியிருந்தான். 'ஷாஹிராவாகிய நான் குடும்ப மசாலாவை இனி எங்கும், எவருக்காகவும் அரைக்கவோ கலக்கவோ மாட்டேன்.' ஷாஹிரா இரண்டு முறை படித்தாள். மிளகாய் அரைத்து அரைத்து எரிந்த கைக்கு இதுதானா கூலி என்று இருந்தது. அவள் அழவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கைப்பேசி அலறியது.

"வாளி எங்க? கோழியெல்லாம் வெட்டி வச்சாச்சு!"

"மசாலாவ நான் தொடக் கூடாதே அண்ணே. நேத்துதான எழுதி வாங்குனீங்க?"

"அது உன் கடைக்குலா!"

"எவருக்காகவும்னு போட்டிருக்கு. எடுத்துப் படிச்சுப் பாருங்க."

மறுமுனையில் காகிதத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல் இறங்கி வந்தது. "சரிம்மா, என்னென்ன போடணும்னாவது சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும்? பொம்பளைப் புள்ளைக்குத்தான் சொல்ல மாட்டாங்களே. அத்தா உங்ககிட்டத்தான் சொல்லியிருப்பாரு. நல்லா யோசிச்சுப் பாருங்கண்ணே."

அவள் அடுப்பில் கோழிக் குருமா கொதித்துக்கொண்டிருந்தது. மாமியார் தன் வீட்டுப் பக்குவத்தை மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். குருமாவும் அதில் தொட்டுத் தின்ன வலைபோல் ஊற்றிச் சுடும் ரொட்டி ஜாலாவும்தான் ஷாஹிரா ஆரம்பத்திலிருந்தே விற்க நினைத்தது. நேற்று அதை ஒருவரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

பதினொரு மணிக்குச் சூலியா ஸ்திரீட்டில் வழக்கம்போல் வரிசை நின்றது. மேலே பெரிய பலகையில் 'ஜபருல்லா அண்ட் சன்' என்று எழுதியிருந்தது. சன் உள்ளேதான் இருந்தார். குழம்புதான் இல்லை.