மடிச்சூட்டில் பெருகியவை

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவதில் குற்றாலிங்கத்தின் கைக்குத் தனி மவுசு இருந்தது. தொழுநோயில் விரல்கள் மரத்த பிறகு இலஞ்சிப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்தார். மருந்தில் நோய் அடங்கி வந்தது. ஆனால் அவருடைய வெள்ளணுக்கள் மட்டும், கிருமியைக் கண்ணெதிரே கொண்டுபோய் வைத்தாலும் சும்மா கிடந்தன.

அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவள் ஆய்வகத்து ரஹ்மத், கடையநல்லூர் நெசவாளி வீட்டுப் பெண். குப்பியில் வெள்ளணுக்களோடு செத்த கிருமியைச் சேர்த்து வைப்பாள். நோயில்லாதவர்களின் அணுக்கள் என்றால் சண்டைக்குத் திரண்டு பெருகும். குற்றாலிங்கத்துடையவை சில நாளில் செத்துப்போகும்.

1987 சாரல் பருவத்தில், ரஹ்மத்தின் சென்னைத் தோழி ஒருத்தி ஐஸ் பெட்டியில் இண்டர்லூகின்-2 கொடுத்தனுப்பினாள். வெள்ளணுக்களைப் பெருகச் சொல்லி உடம்பே சுரக்கும் புரதம் அது. மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அதன் வழியாகத் தயாரித்தது. வந்த அளவு ஒரே ஒரு சோதனைக்குத்தான் போதும்.

ரஹ்மத் இரண்டு குப்பிகளில் குற்றாலிங்கத்தின் அணுக்களையும் கிருமியையும் வைத்தாள். ஒன்றில் மட்டும் அந்தப் புரதம். மூடிகளை இறுக்கி இன்குபேட்டரில் வைத்த சில நாளில், ஐந்தருவி ரோட்டில் மரம் சாய்ந்து கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கே பற்றவில்லை.

இன்குபேட்டரில் சூடு இறங்கிக்கொண்டே வந்தது; குளிர்ந்தால் அணுக்கள் வீணாகிவிடும். வேண்டியது மனித உடம்பின் சூடுதானே? இரண்டு குப்பிகளையும் துணியில் சுற்றி வயிற்றோடு கட்டி, சேலையை மேலே இழுத்துவிட்டாள்.

வராந்தாவில் குற்றாலிங்கம் நிறுத்தினார். “என்ன தாயி, வயித்த பிடிச்சிக்கிட்டே நடக்குத? வலியா?”

“இல்ல அண்ணாச்சி. ஒங்க ரத்தந்தான் இங்கன இருக்கு.”

அவர் தன் கையில் ஊசி குத்திய இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் கரண்ட் வரும்வரை ரஹ்மத் படுக்கவேயில்லை, சுவரில் சாய்ந்தே இருந்தாள். குப்பிகள் இன்குபேட்டருக்குத் திரும்பின. அந்த வாரக் கடைசியில் மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். புரதம் இல்லாத குப்பியில் வழக்கம்போலச் சிதைந்த துணுக்குகள். மற்றதை வைத்தாள். கொத்துக் கொத்தாக, பருத்து, பளபளவென்று அணுக்கள்! கூவியேவிட்டாள்.

ஆய்வகத் தலைவர் டாக்டர் காந்திமதிநாதன் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. “வயித்துல கட்டி வச்சிருந்தேன்னு சொல்லுத. எவன் ஒத்துக்குவான்?”

“ரெண்டு குப்பியும் ஒரே வயித்துலதான் சார் இருந்துது. ஒண்ணு செத்திருக்கு, ஒண்ணு பெருகியிருக்கு. அப்ப சூடு காரணமில்லல்லா?”

அவர் மறுபடி குனிந்தார். இரண்டு குப்பிகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, “மெட்ராஸுக்குப் போனைப் போடும்மா. இன்னும் கொஞ்சம் கேளு,” என்றார்.

சென்னையிலிருந்து இன்னொரு ஐஸ் பெட்டி வந்தது. இம்முறை கரண்ட் போகவில்லை. குற்றாலிங்கத்தின் அணுக்கள் மறுபடியும் பெருகின. வேறு சில நோயாளிகளின் அணுக்களும் விழித்துக்கொண்டன. அவற்றுக்குச் சண்டை மறந்துபோகவில்லை, தூண்டுதல்தான் இல்லாதிருந்தது என்று ரஹ்மத்துக்கு உறுதியானது.

அன்று குற்றாலிங்கத்தை ஆய்வகத்துக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். அவர் ஒரு கண்ணை மூடி மைக்ராஸ்கோப்புக்குள் பார்த்தார்.

“இவ்வளவும் நம்ம ஆளுகளா?”

“ஒங்க ஆளுகதான் அண்ணாச்சி.”

எழுந்து வாசலுக்குப் போய், வார்டைப் பார்த்து முழுக்குரலில் கத்தினார்: “ஏலே, எல்லாரும் வாங்கலே! என் ரத்தம் சண்டைக்கு நிக்கி!”

ரஹ்மத் சிரித்துக்கொண்டே மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வார்டு முழுக்க எழுந்து வந்துகொண்டிருந்தது.