தண்ணீருக்கு மேலே ஒரு கோடு

துறைமுக வாசலில் கப்பல் படம் வரைகிறவர் கடலுக்குப் போனதே இல்லை. அக்கரைப் படகில் ஏறினாலே அவருக்குக் குமட்டும். ஆனால் கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால், எத்தனை சன்னல், எத்தனை ஏணி, எந்தக் கயிறு எந்தக் கொக்கியில் என்பதெல்லாம் அத்துப்படி. யாரும் சொல்லிக்கொடுத்த வித்தையில்லை. சரக்குப் பெட்டிகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர், கண்ணை நம்பித் தானே கற்றுக்கொண்டார்.

கடலையும் வானத்தையும் பத்துப் பலகைகளில் முன்கூட்டியே தீட்டி அடுக்கி வைத்திருப்பார். அலையைப் பற்றிக் கப்பல்காரர்கள் மூச்சு விடமாட்டார்கள். கப்பல் விஷயத்தில்தான் உயிரை எடுப்பார்கள். படம் முடிந்ததும் கப்பலில் இருக்கிற அத்தனை பேரும் வந்து பார்த்துத் தலையாட்ட வேண்டும். ஒரு கயிறு குறைந்தாலும் பலகை திரும்பி வரும். அதுதான் அங்கே வழக்கம்.

இந்த முறை படம் கேட்டவர் ஒரு சரக்குக் கப்பலின் கேப்டன். முதலாளியின் அறையில் மாட்டுவதற்காம். அதே கப்பலில்தான் ஓவியரின் மாப்பிள்ளை கிரேன் ஓட்டுகிறார். மகளுக்கு இது ஏழாம் மாதம்.

கேப்டன் பலகையை மேலும் கீழும் பார்த்தார். "விலாவுல ஒரு வட்டமும் குறுக்க ஒரு கோடும் இருக்கணுமே, எங்க?"

சரக்கு ஏற ஏறக் கப்பல் தாழும். அந்தக் கோடு முழுகிவிட்டால் பாரம் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். துறைமுகத்தில் டீ விற்கிறவனுக்குக்கூட இது தெரியும்.

"தண்ணிக்குள்ள இருக்குங்க. கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே வரைய முடியும்?"

கேப்டனின் முகம் சுண்டிப்போனது. "படம்தானே பெரியவரே. மேல வரைஞ்சு விடுங்க. நாளைக்குக் காலையில கிளம்பறோம்."

துறைமுக அதிகாரியிடம் போய்ச் சொல்லலாம்தான். ஆனால் அந்த அதிகாரி காலையில்தான் கேப்டனின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டு போனார். ஓவியர் யோசித்துப் பார்த்துவிட்டு, சரி, வரைந்துவிடுவோம் என்று முடிவு செய்தார். ஒரு கயிற்றுக்கே வரிந்துகட்டிக்கொண்டு வருகிறவர்கள் இவ்வளவு பெரிய பொய்யைச் சும்மா விடுவார்களா? ஒருத்தர் வாயைத் திறந்தால் போதும், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் பாரத்தை இறக்காமல் கப்பல் நகராது. கோட்டை வெள்ளையில், விரல் தடிமனுக்கு, தண்ணீருக்கு நன்றாக மேலே இழுத்தார்.

மத்தியானம் கூட்டம் வந்தது.

"சமையல்கட்டுப் புகைபோக்கி குட்டையா இருக்கே," என்றார் சமையல்காரர். ஓவியர் நீட்டினார்.

"பின்பக்கம் நாலு கயிறு. மூணுதான் இருக்கு," என்றார் ஒரு மாலுமி. நாலாவதும் வந்தது.

"என் சன்னலுக்குக் கீழ துரு வழிஞ்சிருக்கும், அதைக் காணோமே," என்றார் இன்ஜின்காரர். துருவும் வழிந்தது.

ஓவியர் பலகையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். தூசியே இல்லாத இடத்தில், கோட்டைச் சுற்றித் துணியால் துடைத்தார். எல்லோருடைய கண்ணும் விலா வழியாக வந்து, அந்த இடத்தில் மட்டும் சேற்றைத் தாண்டுகிற மாதிரி தாண்டிப் போனது.

"இந்தப் பக்கம் எப்படி?" என்று வாய்விட்டே கேட்டார்.

"அலை பிரமாதமா வந்திருக்கு," என்றார் சமையல்காரர். இத்தனை வருடத்தில் அலையைப் பாராட்டிய முதல் ஆள் அவர்தான்.

மிச்சம் இருந்தது மாப்பிள்ளை. "நீங்க ஒருதரம் நல்லாப் பாருங்க மாப்பிள்ளை."

எத்தனை தூக்குச் சரக்கு ஏறியது என்பது அவருக்குத்தான் யாரையும்விட நன்றாகத் தெரியும். ஏற்றிய கையே அவருடையது. வெகுநேரம் பார்த்தார். அவர் விரல் வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் கேப்டன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேப்டன் வேண்டாமென்று இறக்கிவிட்ட ஆளை வேறு கப்பலில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள்.

"கொடியில நீலம் கொஞ்சம் வெளுத்திருக்கு மாமா."

ஓவியருக்கு மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. ஆனால் கோடு போட்டது யார்? குனிந்து நீலத்தைக் குழைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "அவர் கப்பல் படம் சரியா வந்திருக்காப்பா?"

"எல்லாரும் பாத்துட்டாங்கம்மா," என்றார். "ஒரு குறையும் இல்லைன்னுட்டாங்க."