கம்பர்லேன்ஸ் போட்ட புது ஸ்டெப்

கம்பர்லேன்ஸ் குழுவின் பாட்டுகளில் லெமுவேலுக்குக் கிடைக்கும் வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ‘ம்ம்’, ‘ஆமா கண்ணே’, ‘வந்துடு’, அவ்வளவுதான். ஆனால் அந்த அடிக்குரல் இல்லாமல் அவர்களுடைய ஏழு இசைத்தட்டுகளில் ஒன்றுகூட எழுந்து நின்றிருக்காது. ஃபிலடெல்ஃபியாவின் வடக்குப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ரேடியோவில் ‘மழைக்கு முன்னாடி வந்துடு’ ஆரம்பிக்கும்போது, ஹோசியா வாயைத் திறப்பதற்கு முன்பே லெமுவேலின் ‘ம்ம்’ வந்துவிடும். சலூனில் கத்தரி நிற்கும். அடுப்பில் கோழி கருகும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம்தான்.

நான்கு பேரும் கம்பர்லாந்து தெரு ரயில் பாலத்துக்கு அடியில் பாடிப் பழகியவர்கள், குழுவின் பெயரும் அந்தத் தெருவிலிருந்து வந்ததுதான். பாலம் குரலைத் திருப்பிக் கொடுக்கும். யார் சுருதி தப்பினாலும் காட்டிக் கொடுத்துவிடும். ஹோசியா முன்னணிக் குரல், குழுவுக்குத் தலைவனும் அவன்தான். கார்னெல் நடுக்குரல். எல்லோருக்கும் இளையவன் வெண்டெல், பெண்களே எட்டாத உயரத்துக்குப் போவான். ஸ்டுடியோவில் ஒரே மைக். வெண்டெலைச் சுவரோரம் தள்ளி நிறுத்துவார்கள், லெமுவேல் மட்டும் உதடு படுகிற தூரத்தில் நிற்பான். மேடையிலோ நால்வரும் ஒரே ஆள் போலச் சுழன்று, மண்டியிட்டு, துள்ளி எழுவார்கள். ஐந்து வருடம் அப்படி ஆடினார்கள்.

அறுபத்தாறு ஜனவரியில் டெலவேர் சாலையில் பனி வழுக்கிக் கார் புரண்டது. மற்ற மூவருக்கும் சிராய்ப்பு. லெமுவேலுக்கு இடது முழங்கால் போயிற்று. மார்ச் மூன்றாம் வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், நடக்கலாம், ஆனால் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வாரமே இசைத்தட்டுக் கம்பெனி முதலாளி பிரிஸ்கோ பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். கூடவே ஹோசியாவும் வந்தான், முகத்தைத் தரையில் போட்டுக்கொண்டு.

“லெம், குரல் உன்னோடது. அதுல பேச்சே இல்ல,” என்றார் பிரிஸ்கோ. “ரெக்கார்டுல நீதான் பாடுற. ஈஸ்டர் ஷோவுக்கு மட்டும் ஒரு பையனப் பாத்து வெச்சிருக்கேன். நல்லா ஆடுவான். நீ திரைக்குப் பின்னால ஸ்டூல்ல உக்காந்து பாடு, அவன் முன்னால வாயசைப்பான். ஜனங்களுக்கு என்ன தெரியப்போகுது?”

லெமுவேல் எப்போதும் வார்த்தையைத் தேடித்தான் எடுப்பான். அவன் மனைவி எர்னஸ்டீனுக்கு அந்தக் கஷ்டம் எப்போதும் கிடையாது.

“அப்போ பொண்ணுங்க அந்தப் பையனப் பாத்து மயங்கி விழட்டும். நான் திரைக்குப் பின்னால வந்து கைதட்டணுமா? பழம் நல்லா இருக்கு மிஸ்டர் பிரிஸ்கோ, எடுத்துட்டுப் போங்க.”

லெமுவேலையே மேடையில் நிறுத்திக் காட்டுகிறேன் என்று ஹோசியா பத்து நாள் தவணை கேட்டான். பத்தாம் நாள் நடக்கும் முதல் காட்சியை முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன், கண்ணுக்கு உறுத்தினால் சனிக்கிழமையிலிருந்து அந்தப் பையன்தான் என்று சொல்லிவிட்டுப் பிரிஸ்கோ தொப்பியை மாட்டிக்கொண்டார். கூடையையும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

ஐந்தாம் நாள், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஒத்திகை. லெமுவேல் கைத்தடி ஊன்றிப் படியிறங்கி வந்தபோது மூவரும் ஏற்கெனவே வரிசையில் நின்றிருந்தார்கள்.

“உக்காரு, பாரு,” என்றான் ஹோசியா.

விரல் சொடுக்கு. முதல் தாளத்தட்டுக்கு வலது கால் முன்னே வந்தது. இரண்டாம் தட்டுக்கு இடது காலை விறைப்பாக வைத்து மூவரும் இழுத்தார்கள். தோள் ஒரு பக்கம் சரிந்து எழுந்தது. மறுபடி வலது, மறுபடி இழுப்பு. சுழற்சி கிடையாது, மண்டியிடுவது கிடையாது. மூன்று பேர் வரிசையாக நொண்டினார்கள்.

லெமுவேலுக்கு உச்சந்தலை வரை ரத்தம் ஏறியது.

“என்னப் பாத்து நொண்டிக் காட்டுறீங்களாடா? இதுக்கு அந்த பிரிஸ்கோவே தேவலடா!”

“லெம், கேளு...”

“ஒண்ணும் கேக்க வேணாம். நாலு தெரு தள்ளி நின்னு சிரிக்கிறவன்கூட இப்படிப் பண்ண மாட்டான்.”

ஆத்திரத்தில் அவன் ஏறிய வேகத்துக்கு அந்த மாடிப்படியே அதிர்ந்தது.

வீட்டில் எர்னஸ்டீன் முழுக் கதையையும் கேட்டாள். பிறகு கேட்டாள்: “நம்ம வீட்டுத் துடப்பக்கட்டை ரெண்டையும் காணோமே, ஏன்னு கேட்டியா?”

“இப்ப அதுவா முக்கியம்?”

“வெண்டெல் வந்து வாங்கிட்டுப் போனான். முட்டி மடங்காம இருக்க இடது கால்ல வெச்சுக் கட்டிக்கிட்டு நாலு நாளா அப்படியேதான் திரியுறான். சலூனுக்கு அப்படி, சர்ச்சுக்கு அப்படி. ‘உனக்கும் அடிபட்டுச்சா’ன்னு ஊரே துக்கம் விசாரிக்குது. முட்டிக்குப் பின்னால தோல் உரிஞ்சு நான்தான் மருந்து போட்டேன். லெமுவேல் எசேக்கியல் பாக்ஸ்டர், கிண்டல் பண்றவன் தன் தோல உரிச்சுக்குவானா?”

அவள் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டால் எதிர்ப் பேச்சுக்கு இடமில்லை. அந்தப் படுபாவிகள் மேல் அவனுக்கு அன்பு பொங்கியது, கோபமும் தீரவில்லை.

மறுநாள் ஒத்திகைக்குப் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “ஆடுங்க.”

ஆடினார்கள். அவன் முகத்தைச் சுளித்தான்.

“நிறுத்து. நொண்டக்கூடத் தெரியலையேடா உங்களுக்கு! ஹோசியா, நீ வாத்து மாதிரி போற. வலி முட்டியில இல்ல, இடுப்புல. இடுப்ப முதல்ல தூக்கு. குதிகால் கடைசியா வரணும். கார்னெல், பாரமெல்லாம் வலது கால்ல இருக்கணும், இடது சும்மா கூட வருது. வெண்டெல்...” கொஞ்சம் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “நீ பரவால்ல.”

பிறகு எழுந்து, தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வரிசையின் முன்னால் நடந்து காட்டினான். மூன்று பேரும் பின்னால் வந்தார்கள். அடுத்த மூன்று நாளும் வாத்தியார் அவன்தான், கருணையே இல்லாத வாத்தியார்.

வெள்ளிக்கிழமை மதியக் காட்சி. பிராட் தெரு தியேட்டரில் இடமில்லை. அந்த மாடி வரிசைக்காரர்கள் பெரிய பெரிய பாடகர்களையே கூச்சலிட்டு அழவைத்து அனுப்பியவர்கள். முன்வரிசையில் பிரிஸ்கோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரை விலகியது. நீலக் கோட்டு போட்ட நால்வர். முதல் இழுப்பு, இரண்டாவது இழுப்பு. அரங்கம் புரியாமல் பார்த்தது. மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது:

“ஏம்ப்பா, நாலு பேருக்கும் ஷூ கடிக்குதா?”

பெரிய சிரிப்பு எழுந்தது. லெமுவேலுக்குக் காது சுட்டது. திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருப்பது நினைவுக்கு வந்தது. ஹோசியா திரும்பிப் பார்க்கவில்லை, காலை மட்டும் நிதானமாக இழுத்தான். லெமுவேல் இரண்டடி முன்னால் வந்து, மைக்கில் உதடு பட, சிரிப்பு ஓயும் வரை காத்திருந்தான். பிறகு பாலத்துக்கு அடியிலிருந்து வருவதுபோல அந்த ‘ம்ம்’மைப் போட்டான். அதே கணத்தில் டிரம்காரர் இரண்டாம் தட்டை அடிக்க, நான்கு இடது கால்களும் அதன் மேலேயே வந்து இறங்கின.

ஒரு பெண் கத்தினாள். பிறகு பத்துப் பேர். மூன்றாவது பாட்டில் மாடி வரிசை முழுக்க எழுந்து நின்று, இருக்கைகளுக்கு நடுவே இடது காலை இழுத்துக்கொண்டிருந்தது. பிரிஸ்கோ கைக்கட்டை எப்போது அவிழ்த்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. காட்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடிவந்து, “இந்த ஸ்டெப்ப யாருக்கும் சொல்லிக் குடுத்துடாதீங்க!” என்றுதான் சொன்னார். அந்தப் பையனைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அடுத்த காட்சிக்கு முன் ஏதாவது சாப்பிடலாம் என்று லெமுவேல் எர்னஸ்டீனுடன் பின்வாசல் வழியே வெளியே வந்தான். வெயிலில் கண் கூசியது. நடைபாதையில் ஏழெட்டுப் பள்ளிக்கூடப் பெண்கள் ஸ்டெப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

“மிஸ்டர் லெம், எங்களுக்கு வரவே மாட்டேங்குது. மெதுவா ஒருதடவ காட்டுங்களேன்!”

ஷோ முழுக்க ஆடிக் கால் விண்விண் என்று தெறித்தது. ஆடிக் காட்ட அவனிடம் தெம்பே இல்லை. “அப்புறம் பாக்கலாம், கண்ணுங்களா” என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தான்.

“அதேதான்! இடுப்பு முதல்ல, பாத்தியா?” என்றாள் ஒருத்தி. “இன்னும் மெதுவா, மிஸ்டர் லெம்!”

திரும்பிப் பார்த்தான். அத்தனை பேரும் வரிசையாக, ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லாமல், பரீட்சைக்குப் படிக்கிற சிரத்தையோடு அவனைப் போலவே வந்துகொண்டிருந்தார்கள். அவன் சும்மா நடக்கிறான் என்பது அவர்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“கார் இந்தப் பக்கம் நிக்குது, லெமுவேல்,” என்றாள் எர்னஸ்டீன்.

“தெரியும்டி. அடுத்த தெரு வரைக்கும் நடந்துட்டு வரலாம், வா.”