கடுங்காப்பியில் ஐந்து சொட்டு

மும்பை விக்ரோலியில் எனக்கு வேலை, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆங்கில வீடியோக்களுக்குத் தமிழில் சப்டைட்டில் அடிப்பது. போன மாதம் ஒரு பேராசிரியரின் உரை வந்தது. ஆதி மனிதனுக்கு ‘நான்’ என்ற நினைப்பே கிடையாதாம். எழு, வெட்டு, ஓடு என்று மண்டைக்குள் ஒரு குரல் சொல்லும். அதைச் சாமி என்று நம்பி அப்படியே செய்வானாம். ஒரு காலத்தில் குரல்கள் அடங்கிப்போயின. இனி யார் சொல்வார் என்று தவித்தவன்தான் தனக்குள்ளேயே பேச ஆரம்பித்தானாம். இது வெறும் ஊகம்தான் என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடித்தார். அவருக்கென்ன? நான் வீடியோவை நிறுத்திவிட்டு ஹெட்போனைக் கழற்றினேன்.

என் அக்கா ரீனாவுக்கு இருபது வருடமாகக் குரல் கேட்கும். தாராவியில் எங்கள் வீட்டு மாடியில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம். வருகிறவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். அக்கா கண்ணை மூடி, கர்த்தர் சொன்னதைச் சொல்வாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மூன்று மாதம் முன்பு மாட்டுங்கா ஸ்டேஷனில் அதே குரல் தண்டவாளத்தில் இறங்கச் சொன்னது. இறங்கிவிட்டாள். ரயில் வருவதற்குள் இழுத்து ஏற்றியவன் நான்.

மனநல டாக்டர் சொட்டு மருந்து எழுதினார். அவளிடம் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்றார். சொன்னால் குடிப்பாளா? உபவாசத்திலும் அவள் விடாதது காலைக் கடுங்காப்பி ஒன்றுதான். அதில் தினமும் ஐந்து சொட்டு விட்டேன்.

மூன்றாவது வாரம் குரல் நின்றது. அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் பாட்டும் ஜெபமும் மட்டும்தான், யாருக்கும் அவள் எதுவும் சொல்லவில்லை. தான் ஏதோ பாவம் செய்துவிட்டதாக அக்கா முடிவு கட்டினாள். எதிர்வீட்டு ஹபீபாவிடம் போய், பத்து வருடம் முன்னால் குழாயடியில் ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். ஹபீபா பயந்துபோய் எனக்குப் போன் பண்ணினாள். அப்போதாவது அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோழைப்பயல் நான், சொல்லவில்லை.

நேற்றைய ஜெபத்துக்குப் பக்கத்துத் தெரு ஷைனி வந்திருந்தாள். அவள் மகனுக்கு இதயத்தில் ஓட்டை, திங்கட்கிழமை ஆபரேஷன்.

“கர்த்தர் சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேங்காரு பிள்ளையோட அப்பா. கேட்டுச் சொல்லுங்கக்கா” என்று அழுதாள்.

அக்கா கண்ணை மூடினாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவள் கழுத்தெல்லாம் வேர்த்தது.

“ஆபரேஷன் பண்ணச் சொல்லுதாரு” என்றாள்.

ஷைனி அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். அக்கா தானாகவே யோசித்துச் சொல்லிவிட்டாளே!

எல்லாரும் போனதும் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“ஏல ஜாபெஸ், அவரு ஒண்ணும் சொல்லல. நானாத்தான் சொன்னேன். பொய்யி. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?”

அதற்கு மேல் தாங்கவில்லை. மருந்துப் பாட்டிலை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் தெளிந்தது.

“அப்ப நான் பாவம் ஒண்ணும் செய்யல, என்னல?”

“இல்லக்கா.”

“அவரு என்னைய விட்டுட்டும் போகல.”

பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள்.

“திங்கக்கிழமை வரைக்கும் இதத் தராதல. அந்தப் பிள்ளைக்குச் சொன்னது சரிதானான்னு ஒரே ஒரு தடவ அவருட்ட கேட்டுக்கிடுதேன். பொறவு நீ எத்தன சொட்டு தந்தாலும் குடிக்கேன்.”

இன்று காலைக் கடுங்காப்பியில் சொட்டு விடவில்லை. இரண்டு நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். அக்காவின் சேலை முந்தானையை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.